பேராச்சி குழல் மாற்றிய காலை

செம்பூரைத் தாண்டி டிராம்பே மலையடிவாரத்தில் இருந்த அந்தத் துப்பாக்கி சுடும் கிளப்பில் பேராச்சிக்குப் பிடித்தது பம்ப் ஷாட்கன் ஒன்றுதான். மற்றதெல்லாம் அவளுக்குச் சும்மா இரும்பு. இதில் மட்டும், முன்கைப்பிடியைப் பின்னுக்கு இழுத்து முன்னுக்குத் தள்ளும்போது வருகிற 'கடக் கடக்' சத்தம் அவளுக்குக் கிச்சுகிச்சு மூட்டியது. நாற்பத்திரண்டு வயதில், தாராவியில் குடித்தனம் நடத்துகிற இரண்டு பிள்ளைக்காரிக்கு இப்படி ஒரு ஆசையா என்று கேட்பவர்கள் கேட்டுக்கொள்ளட்டும். ஆசை என்ன ரேஷன் கார்டு பார்த்தா வருகிறது?

அந்தத் துப்பாக்கிக்கு இரண்டு குழல்கள். பறக்கிற மண் தட்டைச் சுட நீளக் குழல். கிட்டத்தில் நிற்கும் தகட்டைச் சாய்க்கக் குட்டைக் குழல். ஒன்றைக் கழற்றி இன்னொன்றை மாட்ட வேண்டுமென்றால், உள்ளே தோட்டா இல்லை என்று கண்ணாலும் விரலாலும் பார்த்துவிட்டு, கைப்பிடியைப் பாதி இழுத்து, முன்னாலிருக்கும் மூடியைத் திருக வேண்டும். மூடி வந்தால் குழலும் கையோடு வந்துவிடும். இவ்வளவுதான் வேலை. ஆனால் ஒன்பது வருஷத்துக்கு முன் துப்பாக்கி அறைக்காரர் சொல்லாமல் கொள்ளாமல் வேலையை விட்டுப் போன அன்று, கார் வைத்திருக்கிற பதினோரு பெரிய மனிதர்கள் மூடியை எந்தப் பக்கம் திருகுவது என்று தெரியாமல் வேர்த்து நின்றார்கள். கூட்டிப் பெருக்க வந்த பேராச்சி விளக்குமாற்றைச் சுவரில் சாய்த்துவிட்டு, முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு போய் மாற்றிக் கொடுத்தாள். தினமும் பெருக்கிக்கொண்டே பார்த்தவள்தானே. அவர்கள் பார்க்காததையெல்லாம் பார்த்திருந்தாள்.

அன்றிலிருந்து துப்பாக்கி அறை அவள் கையில். காகிதத்தில் மட்டும் இன்னும் துப்புரவுப் பணியாளர். செக்ரட்டரி வெங்கடராமன் இந்த வருஷம் அதை மாற்றிவிடுவது என்று கங்கணம் கட்டிக்கொண்டு இறங்கினார். அவர் அணுசக்தி நகரில் முப்பத்துநாலு வருஷம் விஞ்ஞானியாக இருந்து ரிட்டையர் ஆனவர், மாட்டுங்காவாசி. கமிட்டியில் மகாதேவன் என்ற முன்னாள் பேங்க் அதிகாரி முட்டுக்கட்டை போட்டார். பட்டாளத்தில் இருந்த ஆளைப் போடாமல் பெருக்குகிற அம்மாவையா போடுவது என்பது அவர் கட்சி. பேசிப் பேசிக் கடைசியில் ஒரு முடிவுக்கு வந்தார்கள். தசராப் போட்டியன்று எல்லோர் முன்னாலும் அவள் ஒரு நிமிஷத்துக்குள் குழல் மாற்ற வேண்டும். மாற்றினால் நியமன ஆர்டரில் மகாதேவன் கையெழுத்துப் போடுவார். இல்லையென்றால் பட்டாளத்துக்காரர் வருவார், பேராச்சி பழையபடி விளக்குமாற்றுக்கே போவாள்.

"ஒரு நிமிஷமா? நான் முப்பத்தஞ்சு செகண்டுல மாத்துதேன், மீதிக்கு நின்னு வேடிக்கை பாக்கவா?" என்று வீட்டில் புருஷன் வேல்ராஜிடம் சொல்லிச் சிரித்தாள். அவர் டெம்போ ஓட்டுகிறவர். "ரொம்ப ஆடாதட்டி. கை வழுக்கிரும்" என்றார். அன்று ராத்திரி அவள் தூக்கத்தில் தலையணை ஓரத்தைத் திருகினாள்.

தசராவுக்கு முதல் நாள் ஆயுத பூஜை. தாராவியில் ஆயுதம் என்றால் தையல் மெஷின், கத்தரி, இட்லிப் பானை, வேல்ராஜின் டெம்போ. ஊரெல்லாம் ஒப்புக்குச் சொல்லும் ஆயுதத்தை நிஜமாகவே கையில் வைத்திருந்தவள் பேராச்சி ஒருத்திதான். அந்தப் பெருமை தாங்காமல் காலையிலேயே காட்கோபர் போய்ச் சாமந்தியும் பொரியும் சந்தனமும் வாங்கி வந்தாள். கிளப்பில் துப்பாக்கிகளை வரிசையாக வைத்து, மரக்கட்டையில் மட்டும் ஆளுக்கொரு பொட்டு வைத்தாள். இரும்பில் வைக்கக் கூடாது என்று அவளுக்குத் தெரியும். வெங்கடராமன் வாசலில் நின்று, "இதெல்லாம் உங்க திருப்திக்கும்மா. எனக்கு இதுல நம்பிக்கை கிடையாது" என்றார். கொடுத்த பொரியை மட்டும் இரண்டு கை நிறைய வாங்கிக்கொண்டார்.

மறுநாள் காலை அறையைத் திறந்தால், பம்ப் ஷாட்கனின் மூடியில் மூன்று விரலால் இழுத்த சந்தனப் பட்டை. நெற்றியில் விபூதி பூசுகிற அதே கணக்கு. அறைச் சாவி இரண்டே பேரிடம்தான் உண்டு. பேராச்சி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "நம்பிக்கை இல்லாத மனுசன் பட்டை மட்டும் பக்காவாப் போட்டிருக்காரு" என்று சொல்லிக்கொண்டே துணியால் மேலாகத் துடைத்துவிட்டு வெளியே கொண்டுவந்தாள். இடுக்கில் இறங்கியதை அவள் பார்க்கவில்லை. குதியாட்டத்தில் இருப்பவளுக்கு இடுக்கு எங்கே கண்ணில் படும்?

மைதானத்தில் எண்பது பேர். மேஜைக்கு அந்தப் பக்கம் மகாதேவன், ஒரு கையில் ஸ்டாப்வாட்ச், மறு கையில் டீ. அவர் முன்னால் கையெழுத்தாகாத ஆர்டர். விசில் ஒலித்தது. பேராச்சி துப்பாக்கியின் தோட்டா அறையைத் திறந்து, விரலை விட்டு, காலி என்று எல்லோருக்கும் காட்டினாள். கைப்பிடியைப் பாதி இழுத்தாள். மூடியைத் திருகினாள்.

மூடி அசையவில்லை.

மறுபடி திருகினாள். சந்தனம் ராத்திரி முழுக்கக் காய்ந்து மரையில் கல்லாகப் பிடித்திருந்தது. முந்தானையைச் சுற்றித் திருகினாள், பல்லைக் கடித்துத் திருகினாள். "இருபத்தஞ்சு" என்றார் மகாதேவன். ஓரமாக நின்ற வெங்கடராமனின் முகம் வெளுத்துப் போனது. விளக்குமாறு பேராச்சியின் கண்முன் வந்து நின்றது. சந்தனம் தண்ணீருக்குத்தானே கட்டுப்படும் என்று தோன்றியதும் சுற்றுமுற்றும் பார்த்தாள். தண்ணீர் இல்லை. டீ இருந்தது.

"மன்னிச்சிருங்க சார்" என்று மகாதேவனின் கையிலிருந்த கப்பைப் பிடுங்கி மூடியின் மேல் ஊற்றினாள். இஞ்சி டீ மணமும் சந்தன மணமும் சேர்ந்து மைதானமே கோயில் கேன்டீன் மாதிரி ஆனது. மூடி 'கிறீச்' என்று அழுதுகொண்டே திரும்பியது. நீளக் குழல் வெளியே, குட்டைக் குழல் உள்ளே, மூடி மேலே, கடக் கடக்.

"ஒரு நிமிஷம் நாலு செகண்ட்" என்றார் மகாதேவன். குரலில் வருத்தம் இல்லை.

பேராச்சி துப்பாக்கியை மேஜைமேல் வைத்தாள். யார் வைத்த சந்தனம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஆனால் தனக்காக நாலு மாதம் சண்டை போட்ட மனிதரை எண்பது பேர் முன்னால் எப்படிக் காட்டிக்கொடுப்பது? "எம்மேலதான் தப்பு சார். காலைல கழட்டிப் பாத்திருக்கணும்" என்றாள்.

மைக்கில் ஒரு செருமல். வெங்கடராமன் அதைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"அந்தச் சந்தனம் நான் வச்சது" என்றார் தமிழில். பிறகு ஹிந்தியில் ஒரு தரம், இங்கிலீஷில் ஒரு தரம், யாருக்கும் சந்தேகம் மிச்சம் வைக்காமல். "பேராச்சி ஜெயிக்கணும்னு வச்சேன். ரகசியமா வந்து வச்சேன். முப்பத்துநாலு வருஷமா லேபிலயும் இப்படித்தான் வச்சிண்டிருந்தேன். இதுவரைக்கும் ஒண்ணும் ஒட்டிக்கலை."

முதலில் சிரித்தது யாரென்று தெரியவில்லை. அப்புறம் எண்பது பேரும் சிரித்தார்கள். காலிக் கப்பைப் பார்த்துக்கொண்டிருந்த மகாதேவனின் உதடும் துடித்தது. அடக்கப் பார்த்தார், முடியவில்லை. வாட்சைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்தார். "சரி. சந்தனம் இல்லாம இன்னொரு தடவை பண்ணுங்கோ."

பேராச்சி மரையைச் சுத்தமாகத் துடைத்தாள். மறுபடி காலி என்று காட்டினாள். விசில் அடங்குவதற்குள் மூடி கையில் வந்துவிட்டது. குழல்கள் அவள் கையில் ஒன்று போக ஒன்று வந்தன. கடக் கடக்.

மகாதேவன் வாட்சைப் பார்த்தார், உதறினார், காதில் வைத்துக் கேட்டார். "இருபத்தொம்போது" என்றார்.

கூட்டம் கத்திய கத்தலில் மலையடிவாரத்துக் காக்காய்கள் எல்லாம் கிளம்பின. பேராச்சிக்குச் சந்தோஷத்தில் கால் தரையில் நிற்கவில்லை. மகாதேவன் பையிலிருந்து பேனாவை எடுத்து ஆர்டரில் கையெழுத்துப் போட்டு, நிமிர்ந்து, அதை அவளிடம் நீட்டினார்.

அவள் அதைக் கவனிக்கவே இல்லை. "இன்னொரு மட்டம் மாத்துதேன், எல்லாரும் பாருங்க" என்று சொல்லிக்கொண்டே மூடியைத் திருகிக்கொண்டிருந்தாள்.