நினிங் பொறாமைப்பட்டது எதற்காக

நினிங்குக்குப் பொறாமை என்று முதலில் கண்டுபிடித்தவள் அவளுடைய நாத்தனார் இமாஸ். கண்டுபிடித்தது சரிதான். எதற்காக என்பதில்தான் இமாஸ் தவறிவிட்டாள். அந்தத் தவறை நினிங் திருத்தவும் இல்லை.

நினிங் இந்தோனேசியாவின் பாண்டுங் நகரில் ஒரு மேல்நிலைப் பள்ளியில் இயற்பியல் ஆசிரியை. வயது முப்பத்தாறு. கணவன் ருக்மான் ஊருக்கு வடக்கே இருந்த வானியற்பியல் நிலையத்தில் ஆராய்ச்சியாளன், முனைவர் பட்ட மாணவர்களுக்கு வழிகாட்டி. இருவரும் அங்கேதான் ஒன்றாக முதுகலை படித்தார்கள். முனைவர் பட்டத்துக்கும் இருவருக்கும் ஒரே வருடத்தில் இடம் கிடைத்தது. அந்த வருடம் மகன் பிறந்தான். குழந்தைக்கு மூச்சிரைப்பு. யாராவது ஒருவர் வீட்டில் இருந்தாக வேண்டும்.

"இந்த வருஷம் நான் போறேன், அடுத்த வருஷம் நீ சேர்ந்துக்க" என்று ருக்மான் சொன்னபோது மனதாரத்தான் சொன்னான். அடுத்த வருடம் வந்தது, அதற்கடுத்ததும் வந்தது. அவளை யாரும் தடுக்கவில்லை, எப்போது சேரப்போகிறாய் என்று கேட்கவும் இல்லை.

முதுகலையில் அவள் எடுத்துக்கொண்டது ஓர் இரட்டை விண்மீன். அந்த நிலையம் இருக்கும் லெம்பாங் மலைமேல், பழைய தொலைநோக்கியில் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளிலிருந்து வானத்தைப் படம்பிடித்த கண்ணாடித் தகடுகள் பெட்டி பெட்டியாகக் கிடந்தன. அதில் இருநூற்றுப் பன்னிரண்டை நுண்ணோக்கியில் வைத்துக் கண் எரிய அளந்தாள். அந்த இரண்டும் ஒன்றையொன்று சுற்றிவர எண்பது வருடமும் ஆகலாம், நூற்றுமுப்பதும் ஆகலாம் என்பதற்கு மேல் சொல்ல முடியவில்லை. இரண்டும் மிக நெருங்கிச் சட்டென்று திரும்பும் வளைவைப் பார்த்தால்தான் கணக்குப் பிடிபடும். அவள் படித்த காலத்தில் அவை அந்த வளைவுக்கு வந்திருக்கவில்லை.

பன்னிரண்டு வருடம் கழித்து ஒரு நாள் காலை ஏழு மணிக்கு ருக்மான் லெம்பாங்கிலிருந்து பால் டோஃபு என்ற சோயாக்கட்டிப் பொட்டலத்தோடு வந்தான். கண்கள் சிவந்திருந்தன, வாய் மட்டும் ஓயவில்லை.

"திரும்பிடுச்சு நினிங்! உன் ஜோடி திரும்பிடுச்சு! கிரானா புதுக் கேமராவுல பிடிச்சுட்டா. சுத்துக்காலம் தொண்ணூத்திநாலு வருஷம். இப்போதைக்கு ரெண்டு வருஷம் முன்னப்பின்ன இருக்கும், அவ்வளவுதான்."

நினிங் டோஃபுவை எண்ணெயில் போட்டுக்கொண்டிருந்தாள். "யாரு பிடிச்சா?"

"கிரானா. சொன்னேனே, என் மாணவி, அந்த தசிக்மலாயா ஊர்ப் பொண்ணு. யப்பா, என்ன பொறுமை! மூணு மாசமா ஒரு நாள் விடல. கிரானா இல்லன்னா..."

"இருபத்தாறு வயசுல எல்லாருக்கும் பொறுமை இருக்கும். வீட்டுல புள்ள இருமாதே."

அவனுக்கு அது காதில் விழவில்லை. சாப்பிட்டுவிட்டுத் தூங்கப் போனான். நினிங் அடுப்பை அணைக்க மறந்து நின்றாள். டோஃபு கருகியது.

பின்கதவில் மிளகாய் கேட்டு வந்து நின்ற இமாஸ் எல்லாவற்றையும் கேட்டிருந்தாள். "அண்ணி, ஒண்ணு கேக்கட்டா? நான் நின்ன நேரத்துக்குள்ள அண்ணன் எத்தனை தடவை கிரானான்னாரு, தெரியுமா?"

"தெரியாது."

"பதினோரு தடவை. எங்க வீட்டுக்காரரு என் பேரைப் பதினோரு தடவை சொன்னதே இல்ல, கல்யாணத்தன்னைக்குக்கூட. உங்களுக்கு வயிறு எரியலையா?"

"எரியுது" என்றாள் நினிங்.

அது பொய் இல்லை. தனக்காகத் திரும்பாத விண்மீன் இன்னொருத்தி உட்கார்ந்திருக்கும்போது திரும்பிவிட்டது என்பதை இமாஸிடம் எப்படிச் சொல்வது? இமாஸ் நினைத்துக்கொண்ட பொறாமை யாருக்கும் புரிகிற பொறாமை.

அதற்குப் பிறகு, இமாஸ் சொல்லிப் பரவ, தெருவே அவளைத் தாங்கியது. பக்கத்து வீட்டுக்காரி கிண்ணம் நிறைய மாட்டுவால் சூப் கொடுத்தனுப்பினாள். எதிர்வீட்டுக்காரி புதுத் தலைச்சீலை வாங்கச் சொன்னாள், இந்த வெளிர் மஞ்சள் உனக்கு வயசைக் கூட்டுது என்றாள். இத்தனை வருடத்தில் முதல் தடவையாக ஆளுக்கு ஆள் "உனக்கு என்னம்மா குறை?" என்று கேட்டார்கள். அது நினிங்குக்கு இதமாகவே இருந்தது. இமாஸ் புருஷனின் சித்தி மகள் அந்த நிலையத்து உணவகத்தில் வேலை பார்க்கிறாள் என்பது அவளுக்குத் தெரியும். பேச்சு அங்கே போய்ச் சேரும் என்று தெரிந்தும் மறுத்து வாயைத் திறக்கவில்லை.

ஒரு மாதத்தில் ருக்மான் வீட்டுக்கு வந்து சொன்னான்: "என்னையும் கிரானாவையும் சேர்த்து எவனோ கதை கட்டிட்டான். அவளை என்கிட்டேருந்து மாத்திட்டாங்க. புது வழிகாட்டி கிடைக்கிறவரைக்கும் அவளுக்குத் தொலைநோக்கி இல்ல."

நினிங்குக்கு முதலில் வந்தது சந்தோஷம். ஐஸ் தண்ணீர் குடித்த மாதிரி நெஞ்சுக்குள் குளிர்ந்தது. கை கழுவிக்கொண்டே கேட்டாள், "அப்போ வளைவை யாரு எடுக்கறா?"

"யாரும் எடுக்கல. எல்லாரும் அவங்கவங்க வேலையில இருக்காங்க."

மறுநாள் பள்ளியில் நடத்திய பாடத்தில் இரண்டு தடவை தப்பாக எழுதினாள். அந்த இரண்டு விண்மீன்களும் வளைவில் ஓடுவது இப்போது மட்டும்தான். ஒரு வாரம் விட்டுப்போனால் அந்த வாரம் போனதுதான், இன்னும் தொண்ணூற்று நான்கு வருடம் காத்திருக்க வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை காலை வாசலில் ஒரு பெண் நின்றாள். குள்ளம், தடித்த கண்ணாடி, முதுகுப்பை. ருக்மான் மகனைக் கூட்டிக்கொண்டு பந்து விளையாடப் போயிருந்தான்.

"நான் கிரானா. சார் இல்லாத நேரம் பார்த்துத்தான் வந்தேன் அக்கா. உள்ள வரலாமா, இல்ல இங்கயே திட்டுவீங்களா?"

நினிங் வழிவிட்டாள். பெண் உட்காரவில்லை.

"அக்கா, நேராவே சொல்லிடறேன். உங்க வீட்டுக்காரரு டெம்பே வறுவலைத் தின்னுட்டு எண்ணெய்க் கையோட என் கீபோர்டைத் தொடறவரு. தொலைநோக்கி அறைக்குள்ள தூங்கினா குறட்டையில கேமராவே நடுங்குது. அவரை எனக்கு எதுக்கு? நீங்களே பத்திரமா வெச்சுக்கங்க."

நினிங்குக்குச் சிரிப்பு பீறிட்டு வந்தது. அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. பெண் சிரிக்கவில்லை.

"நீங்க சிரிக்கறீங்க. எங்க அம்மா தசிக்லேருந்து போன் பண்ணி அழறாங்க. பதினெட்டு நாள் விட்டுப்போச்சு அக்கா. பதினெட்டு நாள்!" பையைத் திறந்து ஒரு தடித்த புத்தகத்தை எடுத்து மேசையில் போட்டாள். நினிங்கின் முதுகலை ஆய்வேடு. பக்கமெல்லாம் பென்சில் கோடு. "இதை எழுதினவங்க நீங்கதான? பதினெட்டு நாள்னா என்னன்னு உங்களுக்குத் தெரியாதா?"

நினிங் அதைத் தொடவில்லை. நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"எனக்கு அவருக்காகப் பொறாமை வரல" என்றாள். "உன்மேலதான்."

"என்மேலன்னா?"

"நீ உக்காந்திருக்கற எடத்துமேல. அந்த மலைமேல. நீ அங்க இருக்கும்போது அது திரும்பினதுமேல. ஊர்ல வேற மாதிரி பேசினாங்க. நான் மறுக்கல. மறுத்தா இதைச் சொல்லணும். இதைச் சொல்ல வெக்கமா இருந்துச்சு."

கிரானா ஆய்வேட்டை எடுத்துப் பைக்குள் திணித்தாள். "அதுக்கு நீங்க என் முடியைப் பிடிச்சு இழுத்திருக்கலாம். சீக்கிரம் ஆறியிருக்கும்." பையை மாட்டிக்கொண்டாள். "இயக்குநர்கிட்ட வந்து சொல்லுங்க. நாளைக்கே."

திங்கட்கிழமை நினிங் பள்ளிக்கு விடுப்பு எழுதிவிட்டு நிலையத்துக்குப் போனாள். இயக்குநர் சுகயேசி அம்மாள் அவள் படித்தபோது கணிதம் எடுத்தவர். முழுவதையும் கேட்டுவிட்டு, "எழுதிக் கொடுப்பியா?" என்றார்.

"எதை மேடம்?"

"ரெண்டையும். அந்தப் பொண்ணு மேல தப்பில்லங்கறதையும், உன் வயித்தெரிச்சல் எதுக்குங்கறதையும். ரெண்டாவதை எழுதலைன்னா முதல்ல சொன்னதை எவனும் நம்பமாட்டான்."

நினிங் எழுதினாள். ஒன்றரைப் பக்கம் வந்தது. கையெழுத்துப் போடும்போது சுகயேசி அம்மாள் கேட்டார், "இத்தனை வருஷமா ஏன் இந்தப் பக்கம் வரல?"

"யாரும் கூப்பிடல."

"நாங்க யாரையுமே கூப்பிடறதில்லம்மா. விண்ணப்பம் வந்தா பார்ப்போம்."

அன்றே கிரானாவுக்குத் தொலைநோக்கி திரும்பக் கிடைத்தது. ருக்மானிடம் மட்டும் அவள் திரும்பவில்லை, வேறு பேராசிரியரிடம் சேர்ந்துகொண்டாள். விட்டுப்போன நாட்கள் விட்டுப்போனவைதான். அவளுடைய வளைவில் அந்த இடம் வெறுமையாகவே நின்றது.

வீட்டில் விஷயத்தைச் சொன்னபோது ருக்மான் கோபப்படுவான் என்று நினிங் நினைத்தாள். அவன் முகம் தொங்கிப்போனது.

"அப்போ என்னை நினைச்சு உனக்குப் பொறாமையே வரலையா?"

"இல்ல."

"கொஞ்சம்கூட?"

அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது, அவள் பொறாமைப்படுகிறாள் என்று கேள்விப்பட்டு இத்தனை நாளும் மனிதர் உள்ளுக்குள் பூரித்துப்போய் இருந்திருக்கிறார். வரவர மாலையில் சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டது அதனால்தான். ஒரு வாரம் அவன் சரியாகப் பேசவில்லை. பிறகு ஒரு நாள், அவளுக்குக் கேட்கும்படி மகனிடம் சொன்னான்: "அடுத்த வருஷம்னு உங்கம்மாகிட்ட நான்தான் சொன்னேன். அப்புறம் நான்தான் மறந்துட்டேன்." நினிங் அடுக்களையிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தாள். அந்த வாக்கியத்துக்காக அவள் ரொம்ப நாள் காத்திருந்தாள், வந்தபோது அதனால் பெரிதாக ஒன்றும் ஆகவில்லை.

முனைவர் பட்டத்துக்கு விண்ணப்பம் போட்டாள். முதல் வருடம் நேர்காணலில் தோற்றாள். கணினி நிரல் பற்றிக் கேட்டார்கள், பன்னிரண்டு வருடத்துக்கு முந்தையதைச் சொன்னாள். இரண்டாம் வருடம் கிரானாவிடம் போய் அவளுடைய நிரல்களைக் கேட்டாள். கிரானா கொடுத்தாள், ஆனால் வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிட்டபோது, "வேணாம் அக்கா, வேலை வேற, சாப்பாடு வேற" என்றாள். அந்த வருடம் நினிங்குக்கு இடம் கிடைத்தது. முப்பத்தெட்டு வயதில், தன்னைவிடப் பத்து வயது இளைய கிரானாவுக்கு அவள் ஜூனியர் ஆனாள்.

கிரானா பட்டம் பெற்ற அன்று நினிங் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தாள். திரையில் சுற்றுப்பாதை வந்தது. நினிங் அளந்த இருநூற்றுப் பன்னிரண்டும் சாம்பல் நிறப் புள்ளிகளாக ஓரத்தில் கிடந்தன. விட்டுப்போன அந்த ஓர் இடம் தவிர வளைவு முழுக்கச் சிவப்பில் கிரானாவுடையது. எல்லாரும் கைதட்டினார்கள், அவளும் தட்டினாள். பிறகு கழிவறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள். நன்றி சொன்னபோது கிரானா நினிங்கின் பெயரையும் சொன்னாள் என்பது அழுகையைக் குறைக்கவில்லை. முகம் கழுவிக்கொண்டு வெளியே வந்தபோது எல்லாரும் புகைப்படத்துக்கு நின்றுகொண்டிருந்தார்கள்.

"அக்கா, வாங்க வாங்க" என்று கிரானா கூப்பிட்டாள். "ஓரமா நில்லுங்க. இன்னைக்கு நடு எனக்கு."

நினிங் ஓரமாகப் போய் நின்றாள்.