மில்லர் துரை என்னை ஆட விடாத இறுதி ஆட்டம்

1. வேலை கிடைத்த விதம்

பினாங்குத் துறைமுகத்துக்குப் பக்கத்தில் இருந்த இரும்புப் பட்டறையில் எனக்கு ஃபிட்டர் வேலை கிடைத்ததற்கு என் கைத்திறன் மட்டும் காரணம் இல்லை. பட்டறையின் பந்தாட்டக் குழுவுக்கு ஒரு கோல் கீப்பர் தேவைப்பட்டது. முப்பதுகளின் தொடக்கம் அது. ஈயம் விலை விழுந்து, எல்லா இடத்திலும் ஆள் குறைத்துக்கொண்டிருந்தார்கள். ஒழுங்காகப் பந்து பிடித்தால் வேலை நிலைக்கும் என்று கரீம் அண்ணன் என்னிடம் சொன்னார். அவர் பாய்லர் பிரிவில் மூத்தவர், குழுவுக்குக் கேப்டன்.

எங்கள் போர்மேன் மில்லர் துரை ஆஸ்திரேலியாக்காரர். அவருக்கு இடது முட்டி மடங்காது. சண்டையில் குண்டு பட்ட கால் என்று பட்டறையில் பேசிக்கொண்டோம். சாயங்காலம் சங்கு ஊதியதும் எங்களைத் திடலுக்குக் கூட்டிப் போய்ப் பயிற்சி கொடுப்பார். அவர் ஊரில் ஆடும் பந்தாட்டமே வேறு. பந்து முட்டை வடிவத்தில் இருக்கும். பக்கத்துக்குப் பதினெட்டுப் பேர். காலால் உதைக்கலாம், கையாலும் பிடிக்கலாம். உயரத்தில் வரும் பந்தை எகிறிப் பிடித்தால் அதற்கு 'மார்க்' என்று பெயர். பிடித்தவன் நின்று நிதானமாக உதைக்கலாம், யாரும் குறுக்கே விழக்கூடாது. அதற்காக அடுத்தவன் முதுகில் ஏறிக்கூடப் பிடிப்பார்களாம். இதை ஆட ஒரு கிளப் அவருக்குச் சம்பளம் கொடுத்தது என்றபோது நாங்கள் நம்பவில்லை.

நான் அப்போதெல்லாம் உயரப் பந்தைக் குத்தித் தள்ளுவேன். துரைக்கு அது ஆகாது. இங்கிலீஷும் பட்டறை மலாயும் கலந்து திட்டுவார். கிரேன் கொக்கியில் கயிறு கட்டிப் பந்தைத் தொங்கவிட்டு, கரீம் அண்ணனைக் கீழே நிற்க வைத்து, அவர் தலைக்கு மேல் எகிறிப் பிடிக்கச் சொன்னார். இரண்டு மாதம் இதே வேலை. அண்ணனின் தோள் கன்றிப்போனது. அந்த வருஷக் கிண்ணப் போட்டியின் அரையிறுதியில் எதிர்க்குழு தூக்கி அடித்த ஒரு பந்துகூட என் கையை விட்டு நழுவவில்லை. திடலைச் சுற்றி நின்றவர்கள் என் பெயரைக் கேட்டு விசாரித்தார்கள்.

2. நடுவிரல்

இறுதி ஆட்டம் சனிக்கிழமை. வியாழக்கிழமை, மண்ணை வாரி ஈயம் எடுக்கும் கப்பலின் வாளிக்கு ஆணி இறக்கிக்கொண்டிருந்தபோது சம்மட்டி சறுக்கி என் இடது நடுவிரலில் விழுந்தது. காயத்துக்குக் கட்டுப்போடும் டிரெஸர் பார்த்துவிட்டு எலும்பு முறிந்திருக்கிறது என்று மூங்கில் பத்தை வைத்துக் கட்டினார்.

வெள்ளிக்கிழமை மானேஜர் துரை எங்கள் பிரிவுக்கே வந்தார். எதிர்க்குழு வெள்ளைக்காரர்களின் கிளப். அந்தக் கிண்ணம் அவருக்கு வேண்டும்.

"இறுக்கிக் கட்டிக்கிட்டு இறங்கு. ஒரே ஒரு ஆட்டம்தானே" என்றார்.

ஆடுகிறேன் என்று நான் உடனே சொன்னேன். பயத்தில் மட்டும் சொல்லவில்லை. எனக்கே ஆட ஆசை.

மில்லர் துரை கையில் இருந்த அளவுகோலைக் கீழே வைத்தார். "இவன் ஆடமாட்டான்" என்றார்.

மானேஜர் குரலை உயர்த்தினார். குழுவைப் பொறுக்குவது தன் பொறுப்பு என்று மட்டும் மில்லர் துரை திரும்பத் திரும்பச் சொன்னார். மானேஜர் கதவை அறைந்துவிட்டுப் போனார்.

அதற்குப் பிறகுதான் மில்லர் துரை தன் முட்டியின் கதையைச் சொன்னார். வாரம் முழுக்க ரயில்வே பட்டறையில் லேத் வேலை, சனிக்கிழமை ஆட்டம். ஆறு சீசன் ஆடியிருக்கிறார். பேப்பரில் பெயர் வரும், டிராமில் ஏறினால் எழுந்து இடம் கொடுப்பார்கள். ஒரு இறுதி ஆட்டத்துக்கு முன்னால் முட்டி வீங்கியிருந்தது. கிளப் செயலாளர் ஒரே ஒரு ஆட்டம்தானே என்றாராம். துணியைச் சுற்றிக்கொண்டு இறங்கினார். ஒரு மார்க்குக்காக எகிறி அந்தக் காலிலேயே விழுந்தார். அன்று அவருடைய கிளப் ஜெயித்தது. அடுத்த சீசன் பட்டியலில் அவர் பெயர் இல்லை.

"சனிக்கிழமைக்கு வேற ஆள் கிடைப்பான். திங்கக்கிழமை வேலைக்கு உன் கைதான் வரணும்" என்றார்.

3. தோற்றதும் ஜெயித்ததும்

கரீம் அண்ணன் கோலில் நின்றார். ஒரே கோலில் தோற்றோம். அவர் தலைக்கு மேல் போன பந்து அது. நான் ஓரத்தில் நின்று பார்த்தேன். எனக்கு எட்டியிருக்கும்.

ஒரு வாரம் பட்டறையில் யாரும் என்னிடம் சரியாகப் பேசவில்லை. அண்ணன் மட்டும் என் பக்கத்தில் சோற்றுச் சட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு, "விடு லா தம்பி. பந்தை விட்டது நான், நீ இல்ல" என்றார்.

வருஷக் கடைசியில் மில்லர் துரையின் ஒப்பந்தம் முடிந்தது. மானேஜர் புதுப்பிக்கவில்லை. கப்பலேறும் நாளில் நானும் அண்ணனும் துறைமுக ஜெட்டிக்குப் போனோம். துரை என் இடது கையை வாங்கி நடுவிரலை மெல்ல மடக்கிப் பார்த்தார். முழுசாக மடங்கியது. தலையை ஆட்டிவிட்டு ஏறிப் போனார்.

அடுத்த வருஷம் அதே கிளப்போடு மறுபடியும் இறுதி ஆட்டம். ஒரு கோல் முன்னால் இருந்தோம். கடைசி நிமிஷத்தில் கார்னரிலிருந்து பந்து உயர வந்தது. இரண்டு ஆள் உயரத்துக்கு எகிறினேன் என்று ஊரில் சொல்வார்கள். அவ்வளவு இல்லை, ஆனால் எல்லார் தலைக்கும் மேலே என் கை இருந்தது. பந்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு தரையில் விழுந்தேன். விசில் ஊதியது. கிண்ணம் எங்களுக்கு வந்தது. ஜப்பான்காரன் வரும்வரை ஆடினேன். பினாங்குக் குழுவுக்கும் என்னைப் பொறுக்கினார்கள்.

பிறகு நானே போர்மேன் ஆனேன். எந்தக் கப்பல் எவ்வளவு அவசரமாகக் காத்துக்கிடந்தாலும், அடிபட்ட ஆளை மெஷினில் நிற்க விட்டதில்லை. அதற்காக மூன்று மானேஜர்களிடம் பேச்சு வாங்கியிருக்கிறேன். எனக்கு அதில் கிண்ணத்தைவிடப் பெருமை அதிகம். நான் ஓய்வு பெற்ற அன்று என் பிரிவு ஆட்கள் வரிசையாக வந்து கைகுலுக்கினார்கள். ஒவ்வொரு கையிலும் ஐந்து விரல் இருந்தது.