சீனிப்பாணியில் விழுந்த நட்சத்திரம்

நியூசிலாந்தின் ஒக்லாந்தில் வெண்பனி பெய்யாது. இதைத்தான் எங்கள் வகுப்பு ஆசிரியை திரும்பத் திரும்பச் சொன்னார். எண்பதுகளின் நடுவில் ஒரு குளிர்காலம். பள்ளி விஞ்ஞானக் கண்காட்சிக்கு நான் பனிப் படிகங்களைப் படம்பிடிக்கப்போகிறேன் என்றதும் வகுப்பே சிரித்தது. புத்தகப் படம் ஒட்ட விடமாட்டேன், அடுத்த வெள்ளிக்கிழமைக்குள் நீயே எடுத்த படம் ஒன்று வேண்டும், இல்லையென்றால் மற்றவர்களைப் போல எரிமலைக் கல் பொறுக்கு என்றார் ஆசிரியை. எரிமலைக் கல்லா? அது எங்கள் வேலியோரத்திலேயே கிடந்தது.

வானம் தராததை அண்ணியின் ஃப்ரீசர் தரும் என்று நான் நம்பினேன். அண்ணன், அண்ணியோடு நான் இருந்த ஏவன்டேல் வாடகை வீட்டின் கராஜில் இருந்த அந்தப் பெட்டி மேல்பக்கமாகத் திறக்கும். மூடியைத் தூக்கினாலும் குளிர் உள்ளேயே கிடக்கும். அதற்குள் மூச்சை ஊதினால் குட்டி முகில். பொதி சுற்றி வரும் குமிழ் பிளாஸ்டிக்கைக் குளிரவைத்து அதற்குள் 'பட்' என்று உடைத்தால் முகிலில் பனித்துகள் பிறக்கும். கண்ணுக்குத் தெரியாத அந்தத் துகள், சீனியைத் தண்ணீரில் காய்ச்சிக் குளிரவைத்த பாணியில் விழுந்தால் வளர்ந்து தெரியும். கணக்கு இவ்வளவுதான்.

முதல் பாணியில் சீனி குறைவு, தட்டோடு உறைந்து பாறையானது. இரண்டாவதில் சீனி கூடிவிட்டது, எதுவுமே வளரவில்லை. மூன்றாவதை அண்ணியிடம் கெஞ்சிக் காய்ச்சி வாங்கினேன்.

சனிக்கிழமை ஃப்ரீசரில் இருந்த மீனையெல்லாம் போர்வையில் சுற்றி வெளியே வைத்தோம். அரை மணித்தியாலம்தான் என்பது அண்ணியின் நிபந்தனை. நான் ஊதினேன், ஊதினேன், தலை சுற்றியதே தவிர முகில் கட்டவில்லை. அண்ணியைக் கூப்பிட்டுக் குனியச் சொன்னேன். குனிந்தவர் ஊதவில்லை.

“விசரே பிள்ளை உமக்கு? மீன் கரைஞ்சு போச்சுதெண்டா உம்மடை அண்ணருக்கு நீர்தான் பதில் சொல்லவேணும். ஊரிலை குளிரெண்டாலே போர்த்திக்கொண்டு படுக்கிற ஆள், இஞ்சை வந்து குளிரைத் தேடுது.”

சொல்லுக்குச் சொல் சூடான மூச்சு மெதுவாக வெண்புகையாய் இறங்கியது. பெட்டி நிறைய முகில்.

“நிப்பாட்டாதேங்கோ அண்ணி, இன்னும் ஏசுங்கோ.”

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரிப்பும் முகிலானது. குமிழை உடைத்தேன். டோர்ச் வெளிச்சத்தில் முகில் முழுக்க மினுமினுப்பு. பெட்டிக்குள் கறுப்புத் துணிமேல் பாணி ஊற்றி வைத்திருந்த கண்ணாடித் தட்டில் ஒரு வெள்ளைப் புள்ளி, பிறகு அதற்கு ஆறு கைகள். அண்ணி ஏச்சை மறந்து, “பூ மாதிரி விரியுது” என்றார். அண்ணனின் கமராவில் சின்னது பெரிதாகத் தெரிய லென்சைத் திருப்பிப் பிடித்து, மூச்சை அடக்கி, பிலிம் முடியும்வரை அமுக்கினேன்.

மருந்துக் கடையில் கழுவக் கொடுத்த படங்கள் வியாழக்கிழமைதான் வந்தன. வாசலிலேயே நின்று பிரித்தேன். முதலில் எல்லாம் இருட்டு. ஒன்றில் என் பெருவிரல். கடைசிக்கு முந்தியதில் அது நின்றது: ஆறு கை, ஒவ்வொரு கையிலும் கிளை, கூர்மையாக.

மறுநாள் ஆசிரியை படத்தை ஜன்னல் பக்கம் பிடித்துப் பார்த்தார். இது பனியா என்று கேட்டார். முகிலில் பிறந்தது, பாணியில் வளர்ந்தது, ஆறு கை மட்டும் வானத்துப் பனிக்கு வருவதேதான் என்றேன். நட்சத்திரத்தின் பக்கத்தில் பழுப்பாக இருப்பது தூசியா என்றார். எனக்கும் அப்போதுதான் விளங்கியது. ஏலக்காய். பாணி காய்ச்சும்போது அண்ணியின் கை சும்மா இருக்கவில்லை.

கண்காட்சியில் மேசைக்கு மேசை எரிமலைக் கல். வரிசை நின்றது என் மேசையில். அண்ணி சேலைக்கு மேலே கோட் போட்டு வந்து படத்தின் பக்கத்திலேயே நின்று, பார்க்க வந்த எல்லோருக்கும் அந்த முகில் தன்னுடையது என்று விளக்கிக்கொண்டிருந்தார்.