துணி மூலையில் மஞ்சள்

எங்கள் பனியன் கம்பெனிக்குச் சரக்கு வாங்க வெளிநாட்டிலிருந்து வரும் பையர்களில் தமிழில் 'ங்க' போடத் தெரிந்தவர் அந்தப் பெரியவர் ஒருவர்தான். ஒவ்வொரு குளிர்காலமும் கடல் தாண்டிப் பெருமாநல்லூருக்கு வந்து, குழந்தைகள் பனியனுக்கு ஆர்டர் தருவார். "ஓகேங்க" என்பார், "தேங்க்யூங்க" என்பார். டீ கொண்டுவருகிறவர் என்னை அம்மணி என்று கூப்பிடுவதைக் கேட்டுவிட்டு அவரும் அப்படியே கூப்பிட ஆரம்பித்தார். அவர் வாயில் அது கேட்க நன்றாகவே இருந்ததால் நான் ஒன்றும் சொல்லவில்லை.

கம்பெனியை நானும் என் வீட்டுக்காரரும் சேர்ந்து நடத்துகிறோம். துணியும் தையலும் அவர் பாடு. பையரிடம் பேசுவது என் பாடு, ஏனென்றால் இங்கிலீஷ் என்றால் மனிதருக்கு ஏசி அறையிலும் வியர்த்துவிடும்.

தன் அம்மா இறந்த பிறகு பெரியவர் வந்த முதல் தடவை, சாம்பிள் எதையும் தொடாமல் லேப்டாப்பைத் திறந்தார். அவருடைய அம்மா யூதப் பெண் என்பதே எனக்கு அன்றுதான் தெரியும். இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் அப்பா, அம்மா, தம்பி எல்லோரையும் பறிகொடுத்து, தான் மட்டும் பிழைத்து, அகதியாக வேறு நாட்டுக்குப் போய்ச் சேர்ந்தவராம். அவர் விட்டுப்போனது ஓர் ஆல்பமும் ஒரு கட்டுக் காகிதமும். நாட்டுக்குள் நுழைய அனுமதித்த தாள் நாலாக மடிந்து மடிப்பெல்லாம் கிழிந்திருந்தது. பள்ளிக்கூடத்துச் சான்றிதழ் ஒன்று, அப்புறம் சில படங்கள்.

ஆல்பம்தான் வினை. பசை தடவிய அட்டையில் படத்தை ஒட்டி மேலே பிளாஸ்டிக் தாளை மூடுவார்களே, அந்த வகை. எங்கள் கல்யாண போட்டோக்கள் கூட அதில்தான் கிடக்கின்றன. அந்தப் பசை படங்களைத் தின்றுகொண்டிருந்தது. ஒரு படத்தைப் பிரித்தபோது பாதி முகம் பிளாஸ்டிக்கோடு வந்துவிட்டதாம். அது அம்மாவின் தம்பி. அந்தப் பையனுக்கு இனி இருப்பது ஒரே படம். அதுவும் போனால் அப்படி ஒரு பிள்ளை பிறந்தான் என்பதற்கு உலகத்தில் ஒன்றும் இருக்காது என்று சொன்னார். டெலிவரி தேதி சொல்வது போல நிதானமாகத்தான் சொன்னார்.

அந்த ஒற்றைப் படத்தை ஸ்கேன் செய்து கொண்டுவந்திருந்தார். தெருவில் அக்காவும் தம்பியும் கோட்டுப் போட்டுக்கொண்டு நிற்கிறார்கள். தம்பிக்கு ஒரு காலுறை கழன்று கணுக்காலில் கிடக்கிறது. என் வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார்.

"அப்ப இவரு சாருக்குத் தாய்மாமனுங்களா?"

எங்கள் பக்கத்தில் தாய்மாமன் சும்மா உறவில்லை. பிறந்த பிள்ளைக்குக் காது குத்த அவர் மடி வேண்டும், கல்யாணத்துக்கு அவர் சீர் வேண்டும். இதையெல்லாம் எப்படி விளக்க? அம்மாவின் தம்பி எங்களுக்கு மிகப் பெரிய ஆள் என்று மட்டும் சொன்னேன். எனக்கு வாய்த்தது இந்தப் படம்தான் என்றார் பெரியவர். அன்று முதல் என் வீட்டுக்காரர் அந்தச் சின்னப் பையனைப் பேச்சுக்குப் பேச்சு மாமன் என்றார்.

இரண்டு கோட்டின் நெஞ்சிலும் நட்சத்திர வடிவில் ஒரு துணி தைத்திருந்தது. எனக்கு எந்தத் துணியைப் பார்த்தாலும் கண் முதலில் தையலுக்குத்தான் போகும். பெரிதாக்கிக் காட்டச் சொன்னேன். கைத்தையல். பொடிப்பொடியாக, நெருக்கமாக, முனைகளை உள்ளே மடித்து நூல் பிரியாமல் தைத்திருந்தார்கள். யார் தைத்தது என்று கேட்டேன். அவர்களுடைய அம்மா. யூதர்கள் இதைத் தைத்துக்கொள்ளாமல் தெருவில் இறங்கக்கூடாது என்று உத்தரவாம், யாரைப் பிடிக்க வேண்டும் என்பது பார்த்ததும் தெரிவதற்காக. பிள்ளைகளின் கோட்டில் அதையும் ஒரு தாய் அத்தனை சுத்தமாகத் தைத்திருக்கிறாள். என் வீட்டுக்காரருக்கும் இதைத் தமிழில் சொன்னேன். கறுப்பு வெள்ளைப் படம், எல்லாமே சாம்பல் நிறத்தில்தான் இருந்தது.

அவர் எங்களிடம் கேட்டது துணி. அவர் ஊரில் பழைய காகிதங்களைப் பாதுகாக்கும் வேலை செய்யும் ஒரு பெண் சொல்லியிருந்தார்: படங்களை ஆல்பத்திலிருந்து எடுத்துத் தனித்தனியாகத் தாளில் வைக்க வேண்டும், கட்டுக்கட்டாகப் பருத்தித் துணியில் சுற்றிப் பெட்டியில் வைக்க வேண்டும். அந்தத் துணியில் சாயம், பிளீச், கஞ்சி, வாசனை எதுவுமே இருக்கக்கூடாது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எங்கள் ஊருக்குத் துணியில் இதையெல்லாம் போடத்தான் தெரியும், போடாமல் இருக்கத் தெரியாது.

ஆனால் என் வீட்டுக்காரர் அந்தச் சின்ன வேலையைப் பிடித்துக்கொண்டார். கன்டெய்னர் நிறையப் போகிற ஆர்டருக்கு அவர் அப்படி அலைந்து நான் பார்த்ததில்லை. வெளுக்காத துணியை வெறும் சுடுதண்ணீரில் மாற்றி மாற்றி அலசினார். ஓரம் அடிக்கச் சாயமில்லாத பருத்தி நூல்தான் வேண்டும் என்று டவுனில் நூல் கடைகள் இருக்கும் ராயபுரம் வரை போய்த் தேடினார். தொடுவதற்கு முன் கை கழுவச் சொல்லி துணியில் குறை பார்க்கும் செக்கிங் பெண்களை ஒரு வழி பண்ணினார். கடைசியில் யாரையும் கிட்டவிடாமல் தானே மடித்துக் கட்டி வைத்தார்.

அடுத்த குளிர்காலத்தில் பெரியவர் வந்து, எங்கள் ஆபீசில் அந்தக் கட்டைப் பிரித்தார். ஒவ்வொரு துணியின் மூலையிலும் விரல் நுனி அளவுக்கு மஞ்சள் வைத்திருந்தது.

எனக்கு வந்த கோபத்தில் பையர் இருப்பதே மறந்துவிட்டது. "அத்தனை தண்ணி மாத்தி அலசிப்போட்டு, கடைசீல நீங்களே சாயம் ஏத்தி வெச்சிருக்கறீங்களே" என்றேன். என் வீட்டுக்காரர் விழித்தார். மஞ்சளும் சாயம்தான் என்பது அந்த நொடிதான் அவருக்கு உறைத்திருக்க வேண்டும்.

பெரியவர் திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை. அவர் துணியை மடியில் விரித்துப்போட்டு அந்த மூலையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு லேப்டாப்பில் அந்தப் படத்தை எடுத்து, மாமனின் நெஞ்சில் இருந்த நட்சத்திரத்தின் மேல் விரல் வைத்தார். இதன் நிறம் மஞ்சள் என்றார்.

நான் அதைத் தமிழில் சொன்னதும் என் வீட்டுக்காரர் முகம் செத்துப்போனது. ஏன் வைத்தார் என்று கேளுங்கள் என்றார் பெரியவர். கேட்டேன்.

"மஞ்ச வெக்காத புதுத்துணி பொணத்து மேல போடறதுங்க சார். மாமனையும் அம்மாவையும் அப்பிடிச் சுத்திக் குடுக்க எனக்கு மனசு வரலீங்க."

இதை நான் மெதுவாக, ஒரு வார்த்தை விடாமல் இங்கிலீஷில் சொன்னேன். எங்கள் வீடுகளில் உயிரோடு இருக்கிறவர்களுக்குத் தரும் புதுத்துணிக்கு மஞ்சள் வைக்காமல் தரமாட்டோம் என்பதையும் சேர்த்துக்கொண்டேன். பெரியவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். வெகுநேரம் துடைத்தார்.

மஞ்சளுக்கு வெயில் ஆகாது என்பது தெரிந்ததுதானே. படங்களுக்குச் சுத்தமான துணிதான் வேண்டும், அதில் மாற்றமில்லை. மூன்று பேருமாக மொட்டை மாடிக்குப் போய்க் கொடியில் விரித்துப் போட்டோம். நல்ல வெயில். பெரியவர் ஒரு நாற்காலியை நிழலில் இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டார். மதியம் சாய்வதற்குள் மஞ்சள் வெளிறி, இருந்த இடம் தெரியாமல் போனது. இன்னொரு அலசல் அலசினால் தீர்ந்தது.

துணிகளை எடுத்துக்கொண்டே வந்த என் வீட்டுக்காரர் ஒன்று குறைகிறதே என்று தேடினார். அது பெரியவர் மடியில் இருந்தது, மஞ்சள் அப்படியே. என் வீட்டுக்காரர் கை நீட்டியதும் பெரியவர் அதை இரு கையாலும் மூடிக்கொண்டார்.

"இது வெயில்ல வேண்டாங்க, அம்மணி" என்றார் என்னைப் பார்த்து.

பிறகு இங்கிலீஷில் சொன்னார். சுத்தமான துணிகள் உள்ளே, படங்களோடு இருக்கும். இது பெட்டிக்கு வெளியே சுற்றுவதற்கு, எதிலும் கறை படாது. தன் குடும்பத்துத் துணியில் இதற்கு முன் மஞ்சள் ஏறியது அந்தப் பிள்ளைகள் சாகவேண்டும் என்றுதான். இந்த மனிதர் வைத்த மஞ்சளும் ஒன்று அவர்களோடு இருக்கட்டும் என்றார்.

என்ன சொல்கிறார் என்று என் வீட்டுக்காரர் கேட்டார். "மாமனுக்குப் புதுத்துணிங்க. வாங்கிட்டாருங்க" என்று மட்டும் சொன்னேன். அவர் சட்டென்று கொடிப்பக்கம் திரும்பி, மஞ்சள் எப்போதோ போய்விட்ட துணிகளை ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துக்கொண்டே நின்றார்.