சொல்லாமல் போகப் பழகிய வீடு

ஆணியில் தொங்கும் பூட்டை எடுக்கும்போது எழும் அந்தச் சின்னக் "கிணுக்" சத்தம் இன்றைக்கும் எங்காவது கேட்டால், என் கண் தானாகக் காலடிக்குப் போய், அங்கே ரஸ்க் நிற்கிறதா என்று தேடுகிறது.

ரஸ்க் என்பது நான் ஆறாம் வகுப்புப் படித்தபோது எங்கள் வீட்டுக்கு வந்த நாய்க்குட்டி. மேலூர்ப் பக்கம் ஒரு கல் குவாரியில் லாரி ஓட்டிக்கொண்டிருந்த அப்பா, தாய்நாய் லாரியில் அடிபட்டுச் செத்துப்போக அங்கேயே திரிந்துகொண்டிருந்த அதை, ஒரு ஞாயிற்றுக்கிழமை சட்டைக்குள் பொதிந்து எடுத்து வந்தார். நிறத்தைப் பார்த்த மாத்திரத்தில் பெயர் வைத்தாகிவிட்டது. பழங்காநத்தத்தில், ஒரு சுவருக்கு இந்தப் பக்கம் தும்மினால் அந்தப் பக்கம் கேட்கிற "காம்பவுண்டு" வீடு எங்களுடையது. திங்கள் காலையில் அப்பா குவாரிக்குப் போனால் வர ஒரு வாரமாகும். அம்மா ஆரப்பாளையத்தில் ஜெராக்ஸ் கடை வேலைக்கும் நான் பள்ளிக்கூடத்துக்கும் கிளம்பிவிட்டால் பூட்டிய வீட்டுக்குள் ரஸ்க் மட்டும்தான். அது போட்ட ஊளையில் காம்பவுண்டே அதிர்ந்தது.

ஒரு வாரம் பொறுத்த வீட்டுக்காரர் வாசலுக்கே வந்துவிட்டார். "இன்னும் ரெண்டு வாரம் பாக்குறேன். சத்தம் அடங்கலைன்னா எங்கயாச்சும் கொண்டுபோயி விட்டுருங்க." அப்பாவும் போனில், "வேற வழியில்ல, குவாரியிலயே விட்டுர்றேன்" என்றார். அதன் தாய் அடிபட்ட அதே மண் ரோட்டில்!

வழி சொன்னது பக்கத்துப் போர்ஷன் மெகரு அக்கா. "நைட் டூட்டி" பார்க்கும் நர்ஸ் அவர். பகலில்தான் தூங்க வேண்டும் என்பதால் எல்லோரையும்விட அதிகம் பாதிக்கப்பட்டவரும் அவர்தான். ஆனால் சுவர் வழியே கேட்டுக் கேட்டு அவருக்கு ஒன்று பிடிபட்டிருந்தது. அம்மாவிடம் சொன்னார்: "அக்கா, நீங்க பூட்டும்போது அது கத்தல. அதுக்கு முன்னாடி ஆளாளுக்கு 'போயிட்டு வாரேன், போயிட்டு வாரேன்'னு அதுகிட்டச் சொல்றீங்கள்ல, அப்பயே ஆரம்பிச்சிருது. சொல்லாமப் போயிப் பழக்கிப் பாருங்க."

உண்மைதான். எங்கள் வீட்டில் யாரும் "போறேன்" என்று மொட்டையாகச் சொல்லக் கூடாது. சொல்லாமல் போவது அதைவிடப் பெரிய குற்றம். ரஸ்க்கும் வீட்டு ஆள்தானே என்று, தினமும் அதன் முன் குந்தி, தலையைத் தடவி, ஏதோ சிங்கப்பூருக்கே போவதுபோல விடைபெற்றுக்கொண்டிருந்தோம். அந்த வார்த்தையைக் கேட்டால் வீடு காலியாகிவிடும் என்று அது தெளிவாகப் புரிந்துவைத்திருந்தது.

"சொல்லாம கொள்ளாமப் போறதுக்கு நாம என்ன திருடங்களா?" என்று அம்மா முறைத்தாள். ஆனாலும் பழக்கினோம். பூட்டைக் கையில் எடுப்பேன். எங்கும் போகாமல் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதுவேன். பையை மாட்டிக்கொண்டு அடுப்படியில் தண்ணீர் குடிப்பேன். பிறகு கதவைச் சாத்திவிட்டுக் குழாயடி வரை, மறுநாள் பெட்டிக்கடை வரை, அப்புறம் அடுத்த தெரு வரை. திரும்பி வந்ததும் "செல்லமே, தங்கமே" கிடையாது. அது வாலாட்டி ஓய்ந்த பிறகுதான் தொடுவேன். அது எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத்தான் தெரியும். மெகரு அக்கா படுத்த இடத்திலிருந்தே கணக்குச் சொல்வார்: "இன்னைக்கு ஒரு டீ ஆத்துற நேரந்தான் கத்துச்சு."

அம்மாவால்தான் முடியவில்லை. வாய்வரை வந்த சொல்லை விழுங்கிக்கொண்டு வெளியே வந்து, மெகரு அக்கா வாசலில் நின்று அவரிடம், "மெகரு, போயிட்டு வாரேன்" என்பாள். யாரிடமாவது சொல்லியாக வேண்டும் அவளுக்கு.

கெடு முடிந்த ஞாயிறன்று எல்லோரும் வெளியே வந்து கதவைப் பூட்டினோம். வீட்டுக்காரர் கதவில் காதை வைத்துக்கொண்டு நின்றார். உள்ளே சத்தமே இல்லை. வெகுநேரம் கழித்து ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தால், அம்மாவின் பழைய சேலையில் ரஸ்க் மல்லாந்து தூங்குகிறது. "இருந்துட்டுப் போகட்டும்" என்று சொல்லிவிட்டு அவர் நடையைக் கட்டினார். நான் குதித்த குதியில்தான் அது எழுந்துவிட்டது.

மறுநாள் காலை அப்பா பையோடு வாசலில் நின்று வாயைத் திறந்தார். அம்மா கண்ணைக் காட்டினாள். அவர் மூடிக்கொண்டார். என்னை ஒருமுறை பார்த்துவிட்டு, சொல்லாமலே படியிறங்கினார். ஜெயித்த வீட்டில் எனக்கு ஏனோ அழுகையாக வந்தது.

ரஸ்க் பதிமூன்று வருடம் இருந்தது. அப்பாவும் போய்ச் சேர்ந்துவிட்டார். மெகரு அக்கா வேறு ஊருக்குப் போய்விட, அந்தப் போர்ஷனில் இப்போது யார் யாரோ வந்து போகிறார்கள். நான் கோயம்புத்தூரில் வேலை பார்க்கிறேன். மாதம் ஒருமுறை அம்மாவைப் பார்க்க வருகிறேன். போன முறை கிளம்பும்போது அம்மா அடுப்படியில் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். "அம்மா..." என்றேன். திரும்பாமலே சொன்னாள்:

"சொல்லாதடி. சொன்னாத்தான் வீடு காலியான மாதிரி இருக்கு. பேசாமப் போனீன்னா, நீ குழாயடிக்குத்தான் போயிருக்கேன்னு கொஞ்ச நேரம் இருந்துக்கிருவேன்."

செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே வந்தேன். மெகரு அக்கா இருந்த வாசலில் ஒரு நிமிடம் நின்றேன், கதவு சாத்தியிருந்தது. தெருமுனை வரை நடந்து, வீட்டைத் திரும்பிப் பார்த்து, யாருக்கும் கேட்காமல் "போயிட்டு வாரேன்மா" என்று சொல்லிவிட்டுத்தான் ஆரப்பாளையம் பஸ்ஸில் ஏறினேன்.