சோதனை முடியும்வரை சின்னப்பிள்ளை

என்னோடு படித்தவர்கள் எங்காவது கலியாண வீட்டில் கண்டால், "நாங்கள் அரிவரியிலையிருந்து ஒண்டாய் வளர்ந்தனாங்கள்" என்று பக்கத்தில் இருப்பவர்களுக்கு என்னைக் காட்டிச் சொல்லுகிறார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஒன்றாய்த் தொடங்கினோம், அது உண்மை. ஒன்றாய் வளரவில்லை. எங்கள் வகுப்பில் பெட்டைகள் வளர்ந்தால் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள்.

அச்சுவேலிச் சந்தைக்குப் போகிற வழியில் ஓர் ஓலைக் கொட்டகை. அதுதான் பள்ளிக்கூடம். எழுத்துத் தொடங்குகிற அரிவரி வகுப்பில் நாங்கள் பதினொரு பெட்டைகளும் பதினாலு பெடியளும் வரிசையாகக் குந்தியிருந்து மண்ணில் விரலால் எழுதினோம். அந்த ஒரு வருஷம் பழுதில்லை. எல்லாருக்கும் மூக்கு வடிந்தது, எல்லாரும் அடி வாங்கினோம், ஒருவரை ஒருவர் இளக்காரமாகப் பார்க்க ஒருவருக்கும் தெரியவில்லை.

ஆறாம் வகுப்பிலிருந்து பெட்டைகள் குறையத் தொடங்கினார்கள். ஒரு திங்கட்கிழமை ஒருத்தி வரமாட்டாள். பெரியபிள்ளையாகிவிட்டாள் என்று பின் வாங்குப் பலகையில் குசுகுசுப்பார்கள். இனி அவளுக்கு வீடும் வேலியுந்தான். சடங்கு முடிந்த கையோடு அவள் வீட்டிலிருந்து ஒரு கடகம் நிறையப் பலகாரம் பள்ளிக்கூடத்துக்கு வரும். பயற்றம் உருண்டையைக் கடித்துக்கொண்டே அவள் இருந்த இடத்தில் நாங்கள் காலை நீட்டுவோம். நானும் தின்றேன். ருசித்துத்தான் தின்றேன். அவளுடைய புத்தகங்கள் என்ன ஆயின என்று ஒரு நாளாவது கேட்கவில்லை. அந்த வெட்கம் எனக்கு இன்னும் இருக்கிறது.

எட்டாம் வகுப்புக்கு வந்தபோது நானும் இன்னொருத்தியும் மட்டுமே மிச்சம். அவள் அரிவரி முதல் என் பக்கத்திலேயே இருந்தவள். கணக்கை என்னைப் பார்த்து எழுதுவாள், புளியங்காயை எனக்குப் பாதி தருவாள். எங்கள் பள்ளிக்கூடத்தில் எட்டுக்கு மேல் வகுப்பில்லை. மார்கழியில் வருகிற சோதனையில் தேறினால் ஆசிரியப் பயிற்சிக்குப் போகலாம். எனக்கு அது ஒன்றுதான் வேண்டியிருந்தது. ஐயா ஏற்கெனவே சொல்லிவிட்டார், பெரியபிள்ளையானால் அந்த நாளோடு படிப்பு சரி என்று.

ஆவணியில் ஆகிவிட்டேன். ஒருவருக்கும் சொல்லவில்லை. அம்மாவும் ஐயாவும் புகையிலைத் தோட்டத்துக்குத் தண்ணீர் இறைக்கப் போகிற நேரம் பார்த்துத் துணியைக் கிணற்றடியில் அலசி, வேலிப் பூவரசுக்குப் பின்னால் காயப் போட்டேன். அம்மாவின் கண்ணில் படவில்லை என்றே நினைத்தேன்.

என்னைக் காட்டிக்கொடுத்தது ஒரு பூமாலை. சரஸ்வதி பூசைக்கு மாலை கட்டிப் போடுவது எங்கள் வகுப்புப் பெட்டைகளின் வேலை. யார் போடுவது என்று எனக்கும் அவளுக்கும் ஒவ்வொரு வருஷமும் மயிர்ப்பிடிச் சண்டை. அன்று எனக்குத் தீட்டு. வராமல் நின்றாலும் பிடிபடுவேன், வந்தேன். ஆனால் சாமி படத்தைத் தொட எனக்கே பயம். மாலையை அவளிடம் நீட்டி, "நீயே போடு" என்றேன். அவள் மாலையைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். மாலையை வாங்கிப் படத்துக்குப் போட்டாள். பூசை முடிந்து அவல் கடலை கொடுத்தபோது என்னைவிட்டு ஒரு முழம் தள்ளி உட்கார்ந்தாள்.

அடுத்த கிழமை பள்ளிக்கூடத்தில் அம்மை வந்தது, எங்கள் பேச்சில் அம்மாள் வருத்தம். முதலில் இரண்டு பெடியளுக்குக் கொப்பளம் போட்டது, பிறகு அவளுடைய தம்பிக்கு. அன்றே அவள் வகுப்பு முழுக்கச் சொல்லிவிட்டாள், நான் தீட்டோடு பூசைக்கு வந்து கட்டிய மாலைதான் அம்மாளைக் கூட்டிக்கொண்டு வந்தது என்று. மறுநாள் என் வாங்கில் ஒருவரும் இருக்கவில்லை. நான் குடித்த செம்பை ஒருவன் காலால் உதைத்து உருட்டினான். ஏழு வருஷம் நான் கணக்குச் சொல்லிக்கொடுத்தவன் அவன். ஒருத்தர் விடாமல் அத்தனை பேர் முகமும் எனக்கு இன்றைக்கும் நினைவிருக்கிறது, மறக்கிற எண்ணமும் இல்லை.

பெரிய வாத்தியார் அம்மாவைக் கூப்பிட்டு அனுப்பினார். அம்மா தோட்டத்து மண் காலோடு வந்தாள். அவளுக்கு முன்னமே என் கூட்டாளியின் தாய் வந்து வாசலில் நின்றாள்.

"பிள்ளை, உம்மடை மோள் பெரியபிள்ளையாகீட்டாளெண்டு கதைக்கினம். மெய்யோ?" என்று வாத்தியார் கேட்டார்.

"இல்லை வாத்தியார்" என்றாள் அம்மா.

"வாயாலை ஆரும் சொல்லலாம். பிள்ளையாருக்கு முன்னாலை கற்பூரத்தை அடிச்சுச் சொல்லட்டும்" என்றாள் மற்றவள்.

எரிகிற கற்பூரத்தை உள்ளங்கையால் அடித்து அணைத்துச் சத்தியம் செய்தால் எங்கள் ஊரில் அதற்கு மேல் விசாரணை இல்லை. பொய்ச் சத்தியம் செய்தவர் உருப்படமாட்டார் என்பதில் ஒருவருக்கும் சந்தேகமும் இல்லை. எல்லாரையும்விட அம்மாவுக்கு இல்லை. பிள்ளையாரைக் கும்பிடாமல் பச்சைத் தண்ணீர் குடிக்காதவள் அவள். நான் உண்மையைச் சொல்ல வாயெடுத்தேன். அம்மா என் கையைப் பிடித்து நசித்தாள்.

பள்ளிக்கூடத்து வாசல் பிள்ளையாருக்கு முன்னால் கற்பூரம் கொளுத்தினார்கள். வகுப்பு முழுவதும் வேடிக்கை பார்க்க வந்து நின்றது. "என்ரை பிள்ளை இன்னும் சின்னப்பிள்ளை. நான் சொல்லுறது பொய்யெண்டால் என்ரை ரண்டு கண்ணும் தெரியாமல் போகட்டும்" என்று அம்மா ஓங்கி அடித்தாள். கற்பூரம் அணைந்தது. எல்லாரும் கலைந்து வகுப்புக்குப் போனார்கள்.

வீட்டுப் படலையடியில்தான் அம்மா வாய் திறந்தாள். "பூவரசுக்குப் பின்னாலை துணி காயேக்கை கண்டனான். ஐயாவுக்கு நான் சொல்லேல்லை. சோதனையை எழுதி முடி. பேந்து நீ பெரியபிள்ளையாகலாம்."

எழுதினேன். பிறகு தை மாதத்தில் முறைப்படி பெரியபிள்ளையானேன். சடங்குக்கு வகுப்பில் எல்லாரும் வந்து வயிறு முட்டத் தின்றார்கள். என் கூட்டாளியும் தாயும் முன் பாயில் இருந்தார்கள். பொய்ச் சத்தியம் செய்த கையால் அம்மா என் தலையில் ஒரு சிரங்கை தண்ணீர்கூட வார்க்கவில்லை. எல்லாவற்றையும் மாமியைக் கொண்டு செய்வித்துவிட்டு அடுப்படியில் நின்றாள். தேறிய செய்தி வந்தபோது ஐயாவோடு சண்டை பிடித்து என்னைப் பயிற்சிக்கு அனுப்பியதும் அவள்தான்.

நான் படிப்பிக்கத் தொடங்கிச் சில வருஷங்களில் அம்மாவின் கண்களில் வெண்படலம் விழுந்தது. ஆசுப்பத்திரியில் எடுத்துவிடலாம் என்றார்கள். கெஞ்சினேன், கத்தினேன், சாப்பிடாமல் கிடந்தேன். "அது பிள்ளையாருக்குச் சொன்னது. குடுத்ததைத் திருப்பி வாங்கேலாது" என்றாள். இரண்டாம் உலக யுத்தம் முடிந்த வருஷம் அவளுக்கு இரண்டு கண்ணும் போய்விட்டது.

அதன்பின் ஒரு நாள் என் பழைய கூட்டாளி வீடு தேடி வந்தாள். தன் மகளை அரிவரியில் சேர்க்க என் சிபாரிசு வேண்டுமாம். தேத்தண்ணீர் கொடுத்தேன். அம்மா உள்ளே சுவரைத் தடவி நடப்பதைக் கண்டு, "ஏனடி, கொம்மாவை ஆசுப்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போகேல்லையே?" என்று கேட்டாள்.

"அண்டைக்கு நீ வகுப்பிலை சொன்னது மெய்" என்றேன். "நான் ஆவணியிலேயே ஆகீட்டன். அம்மா பொய்க்குத்தான் கற்பூரம் அடிச்சவ."

அவளுக்கு விளங்கச் சிறிது நேரம் எடுத்தது. விளங்கியதும் முகம் வெளிறி, தேத்தண்ணீரைக் கீழே வைத்துவிட்டு எழும்பிப் போய்விட்டாள். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. இன்றைக்கும் அதற்காக நான் வருத்தப்படவில்லை.

"ஆர் பிள்ளை வந்தது?" என்று அம்மா உள்ளேயிருந்து கேட்டாள்.

"ஒருத்தருமில்லை அம்மா" என்றேன்.