முத்தாத புரையும் பழுக்காத பழமும்

மைசூரு அக்ரஹாரத்தில் வாழைப்பழக் கடை வைத்திருக்கும் லிங்கப்பனுக்கு ஒரு கர்வம் உண்டு. எது பழுத்தது, எது பழுக்காதது என்று தன்னைப்போல் பார்த்துச் சொல்ல ஆள் கிடையாது என்பார். கண்ணில் புரை விழுந்திருக்கிறது என்று தெரிந்ததும், "இன்னும் முத்தலீங்க. முத்தின பொறகு எடுத்துக்கலாம்" என்று அதற்கும் தானே நாள் குறித்துவிட்டார்.

காமாலைக் கண்ணுக்குக் கண்டதெல்லாம் மஞ்சள் என்பார்கள். புரைக்கண்ணும் சளைத்ததில்லை. பச்சைக் காயெல்லாம் அவருக்குப் பொன்னாக மின்ன, "தேனுங்க, தேனு!" என்று சத்தியம் செய்து சீப்புச் சீப்பாகத் தள்ளிவிட்டார். வாங்கியவர்கள் கடித்துப் பார்த்துவிட்டு அடுத்த கடைக்கு நடையைக் கட்டினார்கள். ஜனங்களுக்கு நாக்குச் செத்துவிட்டது என்று லிங்கப்பன் தெருவையே திட்டினார்.

மனைவி ராமக்காளுக்குப் பொறுமை போய்விட்டது. "ஏனுங்க, கண்ணு கெட்ட பொறகு சூரிய நமஸ்காரமா? ஆபரேசனுக்கு வாங்க. இல்லீன்னா கடையில நான் உக்காந்துக்கறேன், நீங்க ஊட்டுல அரிசி பொடைங்க."

புரையைவிட முறம் பயங்கரமாக இருந்தது. கிளம்பிவிட்டார்.

கண் டாக்டர் மனிஷா சிரித்தார். "லிங்கப்பனவரே, இதென்ன மாங்காயா, முத்த விட? பார்வைக்குத் தொந்தரவுன்னா இப்பவே எடுத்துடலாம். ரொம்ப முத்தினாத்தான் எடுக்கிறது கஷ்டம்."

கண்ணுக்குள் மங்கிப்போன லென்ஸை எடுத்துவிட்டுப் புதிது வைப்பார்களாம். ஒரே தூரத்துக்கான லென்ஸ் என்றால் தெரு தெளிவாகத் தெரியும், பேப்பர் படிக்கக் கண்ணாடி வேண்டும். பல தூரத்துக்கானது என்றால் கண்ணாடி அவ்வளவாகத் தேவைப்படாது, ஆனால் ராத்திரியில் விளக்கைச் சுற்றி வட்டம் தெரியலாம்.

"லேசான மஞ்சள் கலர்லகூட லென்ஸ் இருக்கு" என்றார் டாக்டர்.

"அதையே வையுங்க! வியாபாரத்துக்கு ராசி" என்றார் லிங்கப்பன்.

"மஞ்சள் பேடா மேடம், வேண்டவே வேண்டாமுங்க!" ராமக்காள் நாற்காலியை விட்டே எழுந்துவிட்டாள்.

முதலில் வலது கண்ணுக்கு நிறமில்லாத ஒரே தூர லென்ஸ் வைத்தார்கள். டாக்டர் சம்மதித்த பிறகு கடைக்கு வந்து உட்கார்ந்தவர் திடுக்கிட்டார். வலது கண்ணால் பார்த்தால் காய். அதை மூடி இடது கண்ணால் பார்த்தால் பழம். மாற்றி மாற்றி மூடித் திறந்துகொண்டிருந்தபோது, பக்கத்துத் தெரு சுந்தராம்பாள் டீச்சர் எதிரே வந்து நின்றார்.

"என்ன லிங்கப்பா, இந்த வயசுல கண்ணடிக்கிறே?"

லிங்கப்பன் சட்டென்று எழுந்து கும்பிட்டார். "டீச்சரம்மா, நீங்க ஒருத்தர்தான் என்னைக் கைவிடலை. உங்களுக்குப் போய் இத்தனை நாளும் காயைக் குடுத்திருக்கேனே!"

"காய்னு தெரிஞ்சுதானே வாங்கறேன்? பஜ்ஜிக்கு உன் கடைக் காய் மாதிரி எங்கேயும் கிடைக்காது. பழத்துக்கு நான் அடுத்த கடைக்குத்தான் போறது."

ராமக்காள் ஒரு ஸ்டூலை இழுத்து அவர் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தாள். அன்றிலிருந்து கடையில் லிங்கப்பன் பழம் விற்கிறார், ராமக்காள் காய் விற்கிறாள். கூட்டம் என்னவோ அவள் பக்கம்தான்.